செய்தி கலங்கடிக்கிற நாளில் மூன்று முழ நூல்

வன்னியில் ஒரு கெட்ட செய்தி வந்தால் போன் கையில் ஏறும், பிறகு இறங்காது. ஒரு குழுவில் வந்தது உண்மையா என்று பார்க்க இன்னொரு குழு, அதைச் சரிபார்க்க ஒரு வீடியோ, அதற்குக் கீழே சண்டை பிடிக்கிற நூறு பேர். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 இல் எரிபொருள் வரிசையும் நீண்ட மின்வெட்டுமாக இருந்த மாதங்களிலும் எத்தனையோ வீடுகளில் பொழுது இப்படித்தான் போனது.

கையில் ஊசி இருக்கும்போது போன் இருக்க முடியாது. ஒரு கை துணியைப் பிடிக்கும், மற்றக் கை ஊசியைப் பிடிக்கும், கண் ஒரு அடி தூரத்தில் நிற்கும், வாய்க்குள் எண்ணிக்கை ஓடும். தையலால் வருகிற ஆறுதலுக்கு இதுதான் வழி. எண்ணிக்கை இல்லாத வேலை என்றால் கை தைத்துக்கொண்டிருக்க மனம் பழைய இடத்துக்கே ஓடிவிடும். அளவுக்கு மிஞ்சிக் கடினமான வேலை என்றால் பிழை வந்து எரிச்சல்தான் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, பள்ளிக்கூடத்து மனைப்பொருளியல் பாடத்தில் தொட்டுவிட்டு மறந்துபோன புள்ளடித் தையல், அதாவது இரண்டு சரிவுத் தையல் × போலக் குறுக்காக விழுகிற தையல். அதையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

நேரத்தை மணிக்கூட்டால் அளக்க வேண்டாம், நூலால் அளவுங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம், ஏறத்தாழ 45 செ.மீ. பழகிய கைக்கு ஒரு முழ நூல் தைத்து முடிய ஏழெட்டு நிமிடம் ஆகும், புதுக் கைக்குப் பத்துப் பன்னிரண்டு. தைக்க இருக்கும்போதே ஒவ்வொரு முழமாக மூன்று நூல் வெட்டி வையுங்கள். மூன்றும் முடியும்வரை போன் அடுத்த அறையில் இருக்கட்டும். "அரை மணித்தியாலம் பார்க்கமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டால் கண் மணிக்கூட்டுக்கும் போனுக்குமாக அலையும். நூல் குறைவது கண்ணுக்கு முன்னாலேயே தெரிவதால் அந்த அலைச்சல் இல்லை.

ஊசி எடுக்கமுதல்

வந்த செய்தி உங்களை ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று பாருங்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால் தையல் பிறகுதான். அடையாள அட்டை, காணி உறுதி, மருந்துச் சிட்டை எல்லாம் பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும், குடிதண்ணீர் நிரப்ப வேண்டும், கூரைத் தகரத்தைப் பார்க்க வேண்டும், தேவையென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அழைக்க வேண்டும். எல்லாம் முடிந்து காற்றுக்காகக் காத்திருக்கிற அந்த மணித்தியாலங்களுக்குத்தான் ஊசி. செய்தி எதையும் செய்யச் சொல்லவில்லை, நெஞ்சை மட்டும் அடைக்கிறது என்றால் உடனேயே தைக்க இருக்கலாம். வீட்டில் நாலு பேர் என்றால் ஒருவர் மட்டும் காலையும் மாலையும் செய்தி கேட்டு, தெரிய வேண்டியதை மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நாலு போனும் நாலு விதமாகக் கத்த வேண்டியதில்லை.

துணியும் நூலும்

புள்ளடிக்கென்று நெய்த துளைத் துணி எங்கள் பக்கக் கடைகளில் எப்போதும் கிடைக்காது. அதைத் தேடிக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஏறத் தேவையில்லை. சின்னக் கட்டம் போட்ட பருத்தித் துணி போதும். ஒரு கட்டம் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. கட்டத்துக்கு ஒரு புள்ளடி. இழை எண்ணவும் வேண்டாம், பென்சில் கோடும் வேண்டாம். இதைவிடச் சின்னக் கட்டம் கண்ணைப் பிழியும். 1 செ.மீ. க்கு மேலே போனால் புள்ளடி நீண்டு, நூல் எதிலாவது கொழுவி இழுபடும்.

வாங்கமுதல் இரண்டு சோதனை செய்யுங்கள். குறுக்கே 10 கட்டத்தையும் நெடுக்கே 10 கட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ. க்கு மேல் வித்தியாசம் இருந்தால் தைக்கிற பூ நசிந்தமாதிரி வரும். ஓரத்தில் ஒரு இழை உருவி, வெளியே கொண்டுபோய்க் கொளுத்துங்கள். கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக உருண்டால் பொலியெஸ்ரர் கலந்தது. ஊசி வழுக்கும், மடிப்பும் நிற்காது.

நூல் ஆறு இழை சேர்ந்த எம்பிராய்டரி நூல். அங்கர் போன்ற கட்டுகளில் ஒரு கட்டு 8 மீற்றர். அதில் மூன்று இழை பிரித்துத் தைத்தால் 16 மீற்றர் வேலைநூல், அதாவது 35 முழம் கிடைக்கும். ஒரு முழத்தில் 12, 13 புள்ளடி விழும், ஆக ஒரு கட்டு நூலில் 400 க்கு மேல். ஊசி 7 ஆம் இலக்க எம்பிராய்டரி ஊசி. இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை மறந்து பெரிய இலக்கம் கேட்டு வாங்கிவிட்டு, நூல் கோர்க்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். இவற்றோடு 6 அங்குல வளையம் ஒன்று, நுனி கூர்மையான சின்னக் கத்தரிக்கோல் ஒன்று.

துணியைத் தைக்கமுதல் கட்டாயம் தோயுங்கள். பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் பூவைச் சுற்றிக் கொப்பளம்போல எழும்பும், அதற்குப் பிறகு மருந்து இல்லை. வன்னியில் பல கிணறுகளில் தண்ணீர் கடினம், சவர்க்காரம் நுரைக்காது, துணியில் வெள்ளைப் படிவு விடும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் இருந்தால் அதை எடுங்கள். சிவப்பு, கறுப்பு, கடும் நீல நூல்களுக்குச் சாயம் போகுமா என்று முதலே பாருங்கள். ஒரு விரல் நீள நூலை நனைத்து வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்து, சூடான அயனால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்த நூலைத் தனியே குளிர்தண்ணீரில் நிறம் நிற்கும்வரை அலசிக் காயவிடுங்கள்.

தைக்கிற முறை

30 செ.மீ. சதுரம் ஒன்று எடுங்கள். வெட்டுகிற இடத்தில் ஒரு இழையை உருவிவிட்டு, அந்தத் தடத்திலேயே வெட்டினால் கோணாது. ஓரத்தை 1 செ.மீ. மடித்து, பிறகு 1.5 செ.மீ. மடித்துத் தைத்தால் 25 செ.மீ. சதுரம் மிஞ்சும். சாப்பாட்டுத் தட்டு மூட, சாமிப்படத்துக்கு முன்னால் விரிக்க, கோப்பைக்குக் கீழே போட, எதற்கும் ஆகும்.

வளையத்தின் உள்வட்டத்தைப் பழைய வெள்ளைத் துணி நாடாவால் சுற்றுங்கள். வியர்க்கிற கையில் துணி நழுவாது, மரக்கறையும் படியாது. துணியை வளையத்தில் போட்டு விரலால் தட்டினால் பறை மாதிரி ஒலிக்கத் தேவையில்லை. நடுவில் அழுத்தும்போது சற்று உள்ளே போய்த் திரும்பினால் போதும். வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். ஒரு இரவு விட்டாலே வட்டத் தழும்பு பதியும்.

ஆறு இழையிலிருந்து மூன்றையும் ஒன்றாக இழுத்தால் சிக்கு விழும். ஒரு கையால் வெட்டிய முழ நூலைப் பிடித்து ஒரு இழையை மட்டும் நேரே மேலே உருவுங்கள். மற்ற ஐந்தும் சுருண்டு எழும்பி, தானாக நேராகும். அப்படி மூன்று இழையைத் தனித்தனியே எடுத்துச் சேர்த்தால் நூல் துணியில் தட்டையாகப் படுத்து, கட்டத்தை நிரப்பும். ஊசிக்காதுக்குள் நூல் போகவில்லை என்றால் ஊசியைத் திருப்பிப் பாருங்கள். காதின் ஒரு பக்கம் மற்றதைவிட வழவழப்பாக இருக்கும், அந்தப் பக்கத்தால் சுகமாகப் போகும்.

முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு அடியில் கட்டியாக நிற்கும், அயன் பண்ணும்போது மேலே தெரியும், தோய்க்கும்போது துணிக்குள்ளால் கழன்றும் வரும். 4 செ.மீ. வாலை அடிப்பக்கம் விட்டு, முதல் நாலைந்து தையல் அந்த வாலின் மேலால் போகும்படி தைத்தால் அது இறுகிவிடும். முடிக்கும்போது அடித் தையல் நாலைந்துக்குக் கீழால் ஊசியை ஓட்டி வெட்டுங்கள்.

இனிப் புள்ளடி. முதல் கட்டத்தின் இடது கீழ் மூலையில் ஊசி மேலே வரட்டும், வலது மேல் மூலையில் இறங்கட்டும். ஒரு சரிவு விழுந்தது. அதே கட்டத்தின் வலது கீழ் மூலைதான் அடுத்த கட்டத்தின் இடது கீழ் மூலை. அங்கே மேலே வாருங்கள். இப்படி 12 கட்டம் போங்கள். வாய்க்குள் "ஒன்று, இரண்டு" என்று ஊசி இறங்குகிறபோது எண்ணுங்கள். பன்னிரண்டில் நின்று திரும்புங்கள்: வலது கீழ் மூலையில் ஏறி, இடது மேல் மூலையில் இறங்கி, பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்தப் பின்னோக்கிய எண்ணிக்கையில்தான் மனம் அதிகம் அடங்கும். முன்னோக்கி எண்ணுவது பழக்கத்தில் தானாக ஓடும். பின்னோக்கி எண்ண நினைவு வேண்டும்.

துணியைப் புரட்டிப் பாருங்கள். அடியில் நேர்நேராகச் சின்னக் கோடுகள் மட்டும் தெரிந்தால் சரியாகத் தைத்திருக்கிறீர்கள். சரிவுக்கோடு தெரிந்தால் எங்கோ மூலை மாறியிருக்கிறது. மேலே கிடக்கிற சரிவு எல்லாப் புள்ளடியிலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மங்கித் தெரியும்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு வடிவம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று கட்டம் நிரப்பினால் ஒரு வைரம், மொத்தம் 25 புள்ளடி. சரியாக இரண்டு முழ நூல். நாலு மூலையிலும் நாலு வைரம், நடுவே ஒன்று என்றால் பத்து முழம். மூன்று முழமாக எடுத்தால் நாலு இருப்பில் முடியும். நிறத்துக்கு மயில் கழுத்து நீலமும் பச்சையும், குளத்து ஆம்பலின் இளஞ்சிவப்பு, பாலைப்பழ மஞ்சள். இரண்டு நிறத்துக்கு மேலே போகவேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். நிறம் தெரிவுசெய்வதே ஒரு கவலையாகிவிடும்.

பிழைக்கிற இடங்கள்

நூல் அடிக்கடி முடிச்சு விழுகிறதா? இரண்டு காரணம்தான். ஒன்று, முழத்தைவிட நீளமாக வெட்டியிருக்கிறீர்கள். "அடிக்கடி கோர்க்க அலுப்பு" என்று இரண்டு முழம் எடுப்பவர்கள் சிக்கெடுப்பதில் அந்த நேரத்தை இரட்டிப்பாகக் கொடுப்பார்கள். போதாததற்கு நூலும் துணிக்குள்ளால் போய்வந்து தேய்ந்து பஞ்சாகும். மற்றது முறுக்கு. ஐந்தாறு தையலுக்கு ஒருக்கால் ஊசியைக் கையால் விட்டுத் தொங்கவிடுங்கள், அது சுழன்று தானே முறுக்கவிழும்.

துணி சுருங்கி இழுபடுவதுதான் கலக்கமான நாட்களில் எல்லோருக்கும் வருகிற பிழை. மனம் இறுகினால் கையும் இறுகும். நூலைச் சுண்டி இழுக்கிறோம் என்று தெரியாமலே இழுப்போம். நூல் துணியைத் தொட்டதும் நிறுத்த வேண்டும், அதற்குமேல் ஒரு மயிரளவும் வேண்டாம். கட்டத்தின் மூலையில் துளை பெரிதாகத் தெரிந்தால் இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வளையத்தை வைத்துவிட்டு இரண்டு தோளையும் இறக்கி, கையை உதறிவிட்டுத் தொடருங்கள். சுருங்கிய வரியைப் பிரிப்பதென்றால் தைத்த வழியே ஊசியைத் திருப்பி ஓட்டாதீர்கள், இழையைக் குத்திப் பிளக்கும். ஊசியைக் கழற்றிவிட்டு, அதன் காதுப்பக்கத்தால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி எடுங்கள். மூன்று புள்ளடிக்கு உட்பட்ட பிழை என்றால் அன்றே பிரியுங்கள். அதைவிடக் கூட என்றால் விடிய வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள். இரவு பிரித்தால் நல்ல தையலும் சேர்ந்து போகும்.

வெளிச்சம் முக்கியம். விறாந்தையில் காலை எட்டு முதல் பத்துவரை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, வெயில் நேரே படாமல் இடது தோளுக்கு மேலால் வெளிச்சம் விழ இருங்கள். இடது கையால் தைப்பவர்களுக்கு வலது தோளால். மண்ணெண்ணெய் லாம்புக்குக் கிட்ட வைத்துத் தைத்தால் புகை வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கும், கண்ணும் எரியும். நாற்பது வயது கடந்தவர்களுக்கு எழுத்து மங்குகிறது என்றால் தையலும் மங்கும்; வாசிப்புக் கண்ணாடி போடாமல் குனிந்து குனிந்து தைத்தால் இரண்டு நாளில் கழுத்து பிடிக்கும். முதுகு சாய்கிற கதிரையில் இருந்து, மடியில் ஒரு தலையணை வைத்து, வேலையைக் கண்ணுக்குக் கிட்ட உயர்த்துங்கள். ஒவ்வொரு முழம் முடியும்போதும் முற்றத்து மரத்தைப் பாருங்கள், கண் தூரத்துக்குப் போய் வரட்டும்.

தேங்காயெண்ணெய்க் கை, செம்மண் புழுதி, வியர்வை மூன்றும் துணிக்கு எதிரி. கை கழுவித் துடைத்துவிட்டு இருங்கள். வியர்க்கிறதென்று பவுடர் போடாதீர்கள், நூலில் படிந்து நிறத்தை மங்கச் செய்யும்.

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இராது

கை நடுங்குகிற நாளில் புள்ளடி வேண்டாம். பெரிய காது ஊசியில் ஆறு இழையும் கோர்த்து, ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று ஓடுதையல் போடுங்கள். வளையமும் தேவையில்லை. கோணினாலும் பரவாயில்லை, அந்தத் துண்டை வேறாக வைத்திருங்கள், நல்ல வேலையில் சேர்க்க வேண்டாம்.

நித்திரை வராத இரவில் ஊசியே வேண்டாம். நூல் சுற்றுங்கள். பிஸ்கட் பெட்டி அட்டையை 4 செ.மீ. க்கு 6 செ.மீ. ஆக வெட்டி, இரண்டு பக்கமும் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, கட்டைப் பிரித்து அதில் சுற்றி, நிற இலக்கத்தை அட்டையில் எழுதுங்கள். மங்கல் வெளிச்சத்திலும் செய்யலாம், கை குத்தாது, அடுத்த நாளைக்கும் உதவும்.

துணியே நெஞ்சைக் கிளறினால்

இதை எங்கள் இடத்தில் சொல்லாமல் விட முடியாது. 2009 இல் முள்ளிவாய்க்காலால் உடுத்த உடுப்போடு வெளியேறியவர்களின் வீடுகள் இவை. 2023 இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு நிலம் தோண்டியபோது மனித எச்சங்களோடு துணிகளும் வந்தன. அப்படி ஒரு செய்தி வருகிற கிழமையில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவிடம், அதை வெட்டித் தலையணை உறை தைக்கலாம் என்று ஆரும் யோசனை சொல்லாதீர்கள். வேறெங்கோ அது ஆறுதலாக இருக்கலாம். காத்திருக்கிறவர்களுக்கு அது முடித்துவைப்பது மாதிரி. சட்டையைத் தொடவே வேண்டாம், புதுத் துணி வாங்கிக்கொடுங்கள், நிறத்தை அவரே தெரிவுசெய்யட்டும்.

சட்டை நைந்து போகிறது, காப்பாற்ற வேண்டும் என்று அவரே கேட்டால் மட்டும் இப்படிச் செய்யலாம்: வெட்டாமல், அவர் சொல்லாமல் தோய்க்காமல், கிழிசலுக்கு அடியில் தோய்த்த மெல்லிய பருத்தித் துண்டு வைத்து, ஒற்றை இழையால் சுற்றிவர இளக்கமாகத் தையுங்கள். பிறகு பிரித்தாலும் தழும்பு விடாது. பொலித்தீன் பையில் வைக்காதீர்கள், மாரியில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். தோய்த்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மழை ஓய்ந்த பிறகு தை, மாசியில் நிழலில் ஒருக்கால் காற்றாட விடுங்கள்.

தையல் எல்லாவற்றையும் தாங்காது. கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பழைய நாள் கண்முன்னே வந்து நிற்கிறது, சாகவேணும் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஊசியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 க்கு எந்த நேரமும் அழையுங்கள்.

எழும்பமுதல்

பாய் விரித்துப் படுக்கிற வீட்டில் ஒரு ஊசி தவறினால் சும்மா விட முடியாது. எடுக்கும்போது எத்தனை, வைக்கும்போது எத்தனை என்று எண்ணுங்கள். தவறியதைத் தேடப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி நிலத்தில் இழுங்கள். செம்மண் தரையிலும் அகப்படும். ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழும்பாதீர்கள், மழைக்காலத்தில் ஒரே இரவில் துருப்பிடித்துத் துளையைச் சுற்றிக் கறை விடும். பஞ்சுக்குப் பதிலாகத் தலைமயிர் அடைத்த சின்னப் பைக்கட்டில் குத்தி வையுங்கள், மயிரின் எண்ணெய் துருவைத் தடுக்கும். வேலையைப் பருத்திப் பைக்குள் போட்டு, காய்ந்த வேப்பிலை ஒரு கைப்பிடி தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் பூச்சி அண்டாது.

மூன்றாவது முழத்தை வரி முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். போகிற வரி பன்னிரண்டும் முடித்து, திரும்புகிற வரியில் நாலு தைத்துவிட்டு மிச்ச நூலை அடியில் ஓட்டி வெட்டுங்கள். நாளைக்கு இருக்கும்போது எங்கே தொடங்குவது என்று யோசிக்கத் தேவையில்லை; அரைப் புள்ளடிகள் வரிசையாகக் காத்திருக்கும், ஊசியைக் கோர்த்தவுடன் எட்டிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.